பழைய காரின் கூலிங் சிஸ்டம்: பெங்களூரில் ஒரே தடவையில் மாற்றி முடிப்பது எப்படி

என்னிடம் இருப்பது 2008 மாடல் சான்ட்ரோ. பெங்களூர் ஊருக்குள் ஓடியவரை டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டியதே இல்லை. போன ஜனவரியில் ரிசர்வாயர் (ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் உபரித் தண்ணீர் டப்பா) பொங்கி வழிந்தது. ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். பிப்ரவரியில் மேல் ஹோஸ் வெடித்தது, அதை மாற்றினேன். மார்ச்சில் தெர்மோஸ்டாட், அதாவது என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. மே மாதம் சேலத்தில் கல்யாணம் முடிந்து திரும்பும்போது, தொப்பூர் ஏற்றத்தில், உள்ளே மாமியார், இரண்டு பிள்ளைகள், ஏசி, டிக்கி நிறைய மாம்பழம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டாங்க் பிளந்துகொண்டது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூடி 250, ஹோஸ் வேலை 1,450, தெர்மோஸ்டாட் வேலை 1,300, தருமபுரி வரை இழுவை வண்டிக்கு 4,500, அங்கே ரேடியேட்டரை ஒட்டுப்போட்டு ஊர் சேர 1,500. ஆக 9,000 ரூபாய். இதில் கடைசியில் மிஞ்சியது மூடியும் தெர்மோஸ்டாட்டும் மட்டும்தான், அதுவும் டிக்கியில் ஸ்பேராக. ஜூனில் உட்கார்ந்து மொத்தத்தையும் மாற்றியபோது 13,200 ஆனது. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

ஒவ்வொன்றாகப் போனதற்குக் காரணம் உண்டு. பழைய மூடி அழுத்தத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. அதனால் மெலிந்த ஹோஸும் பிழைத்துக்கிடந்தது. புது மூடி அழுத்தத்தை முழுசாகப் பிடித்ததும் ஹோஸ் போனது. புது ஹோஸ் தாங்கியதும் பழைய டாங்க் போனது. அல்சூரில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் சொன்னார்: "தண்ணிக்கு எளச்ச எடம் தெரியும் சார்."

1. செலவு செய்யும் முன்: என்ஜின் பிழைத்திருக்கிறதா?

வண்டி ஒரு தடவையாவது கொதித்திருந்தால் முதல் வேலை இதுதான். ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் அடிப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருந்தால் நீங்கள் மாட்டும் புது ரேடியேட்டர் வீண்.

காலையில், என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தாலோ, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, முதலில் ஹெட்டைப் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் காபி நுரை மாதிரி படிந்திருப்பதும் ஒரு அறிகுறிதான். ஆனால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். பெங்களூர் டிசம்பர் குளிரில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியிலும் அந்த நுரை வரும். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷனும் கூலிங் பிரஷர் டெஸ்ட்டும் செய்யச் சொல்லுங்கள். நான் இரண்டுக்கும் சேர்த்து 600 கொடுத்தேன். இந்த மொத்த வேலையிலும் மனசார கொடுத்த காசு அதுதான். அதை மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்து, எப்போது சூடேறுகிறது என்று கவனியுங்கள். சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள்: மோட்டார், ரிலே, ஃபேன் சுவிட்ச். ஊருக்குள் சரியாக இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், அல்லது பம்ப் உறிஞ்சும்போது சுவர் ஒட்டிப்போகும் கீழ் ஹோஸ். ஸ்டார்ட் செய்த பத்து நிமிடத்துக்குள் எங்கே போனாலும் ஏறினால் பெரும்பாலும் மூடியபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட்.

இங்கே நம்மைப் போன்றவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெங்களூரின் இதமான காற்று பாதி அடைத்த ரேடியேட்டரையும் வருடக்கணக்கில் காப்பாற்றிவிடும். கிருஷ்ணகிரி தாண்டி மே மாத வெயிலில் இறங்கும்போதுதான் குட்டு உடையும். "ஊருக்குள்ள ஒண்ணும் தெரியலையே" என்பது ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி ஆகாது.

இன்னொன்று. தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் டெம்பரேச்சர் முள் கீழே இறங்கி நிற்கலாம். சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும்; வெறும் காற்றில் தொங்கினால் பொய் சொல்லும். தொப்பூரில் முள் திடீரென்று இறங்கியதும் "சரியாயிடுச்சு" என்று நான் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். ஹெட் தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

2. எதை மாற்ற வேண்டும், எதை விடலாம்

பத்து வருடம் தாண்டிய வண்டி என்றால் என் தீர்ப்பு இது.

ஹோஸ்கள்: எல்லாவற்றையும் மாற்றுங்கள். மேல், கீழ் இரண்டு மட்டும் போதாது. டேஷ்போர்டுக்குள் போகும் ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் எல்லோரும் மறக்கிறார்கள். ஆறிய என்ஜினில் ஹோஸை விரலால் அழுத்துங்கள். நல்ல ஹோஸ் அழுந்தி எழும். என்னுடையது கிளிப் பக்கத்தில் பழைய செருப்பு வார் மாதிரி விறைத்து, வளைத்தால் மயிரிழை வெடிப்பு தெரிந்தது. நடுப்பகுதியோ ஊறிய அப்பளம்.

ரேடியேட்டர்: அலுமினிய கோர், மேலும் கீழும் (அல்லது பக்கவாட்டில்) பிளாஸ்டிக் டாங்க் உள்ள வகையாக இருந்து, டாங்க்கின் கறுப்பு நிறம் பிஸ்கட் நிறத்துக்கு மாறியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய பித்தளை ரேடியேட்டர் காலத்தில் ராடு விட்டுச் சுத்தம் செய்து ஈயம் வைப்பார்கள். அது நியாயமான வைத்தியம். இந்த வகைக்கு அது சரிப்படாது. டாங்க்கைப் பிரித்து மடிப்பைத் திரும்ப மடக்கினால் எங்கோ ஒரு பல் உடைந்துவிடும், ஆறு மாதத்தில் அதே இடத்தில் கசியும்.

தெர்மோஸ்டாட், மூடி: விலை குறைவு. இரண்டையும் மாற்றுங்கள். மூடிமேல் 0.9 அல்லது 1.1 என்று அழுத்த அளவு இருக்கும். பழையதில் இருந்த அதே எண்தான் வேண்டும். "இன்னும் ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க" என்று கேட்காதீர்கள். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்ஜினில் அப்படிக் கொதிக்காமல் தடுப்பது மூடி பிடித்துவைக்கும் அழுத்தமும் கூலன்ட்டும்தான்.

வாட்டர் பம்ப்: சில மெக்கானிக்குகள் வாட்டர் பாடி என்பார்கள். அதன் அடியில் ஒரு சின்னக் கசிவுத் துளை இருக்கும்; அங்கே வெள்ளை அல்லது பச்சைக் கறை காய்ந்திருந்தால் சீல் போய்விட்டது. பல பழைய என்ஜின்களில் இதைக் கழற்ற டைமிங் பெல்ட்டையும் (என்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பெல்ட்) கழற்ற வேண்டும். உங்கள் வண்டி அந்த ரகமா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒன்றாகப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் அதே லேபரை இரண்டு முறை கொடுப்பீர்கள். என் பம்ப்பைக் கழற்றியபோது உள்ளே சுழலும் இரும்பு இலைகள் பாதிதான் மிச்சம். ஓரமெல்லாம் எலி கடித்த ரொட்டி. வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றியதன் பலன்.

ஃபேன் மோட்டார்: ஓடினால் விட்டுவிடுங்கள். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். சத்தமாகக் கரகரத்தாலோ, கையால் தட்டினால்தான் கிளம்புகிறது என்றாலோ மாற்றுங்கள். நான் மாற்றவில்லை.

3. கையில் வைத்திருக்க வேண்டிய தாள்கள்

ஆர்.சி. நகல் கட்டாயம். மாடல் பெயரை மட்டும் சொல்லி ரேடியேட்டர் வாங்கப் போனால் தவறானது வர வாய்ப்பு அதிகம். ஒரே பெயரில் பெட்ரோல், டீசல், ஏசி உள்ளது, இல்லாதது, மேனுவல், ஆட்டோமேட்டிக் என்று வேறுவேறு. ஆட்டோமேட்டிக் வண்டியின் ரேடியேட்டரில் பெரும்பாலும் கியர் ஆயிலைக் குளிர்விக்கத் தனிக் குழாய் இணைப்பு இருக்கும். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் கொடுத்தால் கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டரில் பார்ட் நம்பர் சொல்லிவிடுவார்கள். அதை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு எங்கே வேண்டுமானாலும் விலை கேட்கலாம்.

அதே ஆர்.சி.யில் காலாவதித் தேதியையும் பாருங்கள். காருக்கு முதல் பதிவு 15 வருடம். பிறகு ஃபாரம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 15 முதல் 20 வருடம் வரையான காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000. மாநிலப் பசுமை வரி தனி. வண்டியை வைத்துக்கொள்ளப் போகிறோமா என்று இந்த இடத்தில் முடிவு செய்துவிட்டு அப்புறம் ரேடியேட்டருக்குப் போங்கள். புதுப்பிக்கும் எண்ணம் இல்லாத வண்டிக்கு 13,000 போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்சூரன்ஸை இதில் எதிர்பார்க்காதீர்கள். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் வராது. கொதித்து ஹெட் வளைந்தாலும் உங்கள் காசுதான். ரோட்சைடு உதவி சேர்த்திருந்தால் இழுவைச் செலவு மிச்சமாகும். என்னிடம் அது இருந்தது, எண்ணை போனில் பதிந்துவைக்கவில்லை. 4,500 போனது அப்படித்தான்.

4. பொருள் வாங்குவது: ஜே.சி. ரோடு

கம்பெனி ஷோரூமில் பழைய மாடலுக்கு ஹோஸ் கிடைக்கப் பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்கள். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் ஜே.சி. ரோட்டில் ஒரே காலையில் எல்லாம் முடிந்தது. காரை எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. கே.ஆர். மார்க்கெட் அல்லது நேஷனல் காலேஜ் மெட்ரோவில் இறங்கி நடங்கள். ஞாயிறு போகாதீர்கள். தமிழ் பேசினால் பதில் சொல்ல ஆள் உண்டு, ஆனால் "எஷ்டு?" (எவ்வளவு?) என்று கன்னடத்தில் ஆரம்பித்தால் பேச்சு கொஞ்சம் சுலபமாக நகர்கிறது.

முடிந்தால் பழைய பொருளைக் கையில் கொண்டுபோங்கள். ஹோஸின் வளைவு அரை அங்குலம் மாறினாலும் ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுடு என்ற கூட்டில் உரசி ஓட்டையாகும். வண்டியைப் பிரிக்காத நிலையில் என்றால், நான்கு கோணத்தில் போட்டோ எடுத்துப் போங்கள்.

கடைக்காரர் "ஒரிஜினலா, லோக்கலா?" என்று கேட்பார். ஹோஸ், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட், பம்ப் நான்கிலும் கம்பெனி சரக்கோ, பெயர் பெற்ற தயாரிப்பாளரின் சரக்கோதான் வாங்க வேண்டும். ரேடியேட்டரில் மட்டும் நல்ல ஆஃப்டர்மார்க்கெட் (கார் கம்பெனி அல்லாத வேறு தயாரிப்பாளரின் சரக்கு) எடுத்தால் கணிசமாக மிச்சமாகும். நான் எடுத்தது அதுதான். பெட்டிமேல் ஹாலோகிராம், அச்சின் தெளிவு, உள்ளே பொருள்மேல் உள்ள எண்ணும் பெட்டிமேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து எடுங்கள். பெட்டி ஒரிஜினல், உள்ளே சரக்கு வேறு என்பது எனக்கே ஒரு மூடியில் நடந்தது. எண்ணைக் காட்டியதும் கடைக்காரர் பேசாமல் மாற்றிக்கொடுத்தார்.

ஜிஎஸ்டி பில் கேளுங்கள். "பில் இல்லாம கொஞ்சம் கம்மி" என்பார்கள். ரேடியேட்டர் முதல் நாளே கசிந்தால் திருப்பிக்கொடுக்க அந்தப் பில் ஒன்றுதான் துணை. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு வரி 18 சதவீதம். பழைய 28-ஐப் போட்டிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

என் பில் இதோ, வண்டிக்கு வண்டி மாறும்: ரேடியேட்டர் 3,400. மேல், கீழ் ஹோஸ் 780. ஹீட்டர் ஹோஸ் 420. தெர்மோஸ்டாட் கேஸ்கட்டோடு 480. மூடி 250 (ஜனவரியில் போட்டதை ஸ்பேராக டிக்கியில் வைத்துக்கொண்டேன், மார்ச் தெர்மோஸ்டாட்டுக்கும் அதே கதி). வாட்டர் பம்ப் 1,250. டைமிங் பெல்ட், டென்ஷனர் 1,900. கிளிப்புகள் 240. கூலன்ட், பேட்டரி தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) 980. சரக்கு 9,700, லேபர் 3,500.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு எல்லாம் சாயம்தான். ஒரே பச்சையில் இரண்டு வேறு ரசாயனம் இருக்கும். ஓனர்ஸ் மேனுவலில் சொன்ன வகை டப்பாமேல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "ரெடி மிக்ஸ்" என்றால் அப்படியே ஊற்ற வேண்டும். கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி பேட்டரி தண்ணீர். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், போர் தண்ணீர் கிட்டேயே வர வேண்டாம்.

5. மெக்கானிக்கிடம் பேசுவது

லேபரை மொத்த வேலைக்கு ஒரே தொகையாகப் பேசுங்கள். பார்ட் பார்ட்டாகப் பேசினால் ஒரே தண்ணீரை நான்கு முறை இறக்கியதற்குக் காசு கொடுப்போம். இரண்டு கேள்வியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: ரேடியேட்டரை எடுக்க ஏசி கேஸ் இறக்க வேண்டுமா? டைமிங் பெல்ட் கழற்றுவது இந்தத் தொகையில் சேர்ந்ததா? பெரும்பாலான சின்னக் கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரை அப்படியே விட்டு ரேடியேட்டரை மட்டும் எடுத்துவிடலாம். கேஸ் இறக்கினால் அதற்குத் தனியாக ஆயிரத்துக்கு மேல் ஆகும்.

மூன்று யோசனைகள் வரும், மூன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லுங்கள். "தெர்மோஸ்டாட் எதுக்கு சார், கழட்டிப் போட்ரலாம்": கழற்றிவிட்டால் பெங்களூர் காலைக் குளிரில் என்ஜின் சூடாகவே நேரமாகும், பெட்ரோல் குடிக்கும். "ஃபேன டைரக்ட் பண்ணிடறேன்": சாவி போட்டதிலிருந்து ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தால் மோட்டார் சீக்கிரம் போகும், உண்மையான கோளாறும் மறைந்துவிடும். மூன்றாவது, கசிவை அடைக்கும் பொடி. நெடுஞ்சாலை ஓரத்தில் மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள். தருமபுரியில் எனக்கும் சொன்னார்கள். ஊர் சேர வழியே இல்லாத நேரத்தில் சரி. புது ரேடியேட்டருக்குள் எதுவும் போகக்கூடாது. அது ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை.

நாள் குறிப்பது: ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கலுக்கு முந்தின வாரம் வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் அப்போதுதான் ஊருக்குப் போக வேண்டும், பட்டறையில் அவசர வேலைதான் நடக்கும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். டைமிங் பெல்ட்டும் சேர்ந்தால் முழு நாள். இல்லையென்றால் அரை நாள்.

6. வேலை நாளில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

வண்டியை முந்தின இரவே பட்டறையில் விடுங்கள். சூடான என்ஜினில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். என் மெக்கானிக்கின் முழங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது.

பழைய ஹோஸை இழுத்துப் பிடுங்க விடாதீர்கள், பிளேடால் கீறி உரிக்கச் சொல்லுங்கள். ஹீட்டர் பக்கத்துக் குழாய் பழையது. இழுத்த இழுப்பில் அது வளைந்தால் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டிவரும்.

ரேடியேட்டரை எடுத்ததும் அதற்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சரைப் பாருங்கள். என்னுடையதில் தூசியும் மழைமரத்து இலைத் துணுக்கும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. ரேடியேட்டர் இல்லாத இந்த அரைமணி நேரம்தான் அதை உட்புறத்திலிருந்து கழுவ வாய்ப்பு. மெதுவான தண்ணீர் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

தெர்மோஸ்டாட்டைப் போடும் முன் சோதித்துவிடுங்கள். வீட்டில் யாரும் கேட்காத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் போட்டால் வாய் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். என்னுடையதில் 82 என்று பொறித்திருந்தது. அதில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி மாட்டச் சொல்லுங்கள். காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

இந்தக் காற்றுதான் பாதிப் பேரை இரண்டாம் முறை பட்டறைக்கு வரவைக்கிறது. ஊற்றி, மூடி, "முடிஞ்சது" என்று சாவியைக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே சிக்கிய காற்று ஹெட்டில் போய் நிற்கும். அடுத்த நாளே முள் ஏறும். செய்ய வேண்டியது: வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். மூடி திறந்தபடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் மெல்ல அமுக்கி அமுக்கி விடுங்கள். குளுக் குளுக்கென்று குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். குமிழி நின்றபின் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. உள்ளே ஹீட்டரிலிருந்து வரும் காற்று சுடச்சுட வந்தால் காற்று வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றவிடாதீர்கள். இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் சாகும். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் போகட்டும்.

7. முதல் வாரம்

மறுநாள் காலை, ஆறிய என்ஜினில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். ரிசர்வாயரை மட்டும் பார்த்தால் போதாது. எனக்குக் கால் லிட்டர் இறங்கியிருந்தது; மிச்சக் காற்று வெளியேறியதால் அது சகஜம். மூன்றாம் நாளும் இறங்கினால் கசிவு. வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்தால் எங்கே சொட்டுகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

சோதனை ஓட்டத்துக்கு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறாதீர்கள். கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர், ஓரம் கட்ட இடமில்லை. கீழே ஓசூர் ரோட்டிலேயே, ஏசி போட்டு, மதிய நெரிசலில் அத்திபெலே வரை போய்த் திரும்புங்கள். நெரிசலில் ஃபேனும், திறந்த ரோட்டில் ரேடியேட்டரும் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். திரும்பி வந்து என்ஜின் ஆறியதும் எல்லா ஹோஸ் கிளிப்பையும் ஒரு கால் திருகு இறுக்குங்கள். புது ரப்பர் சூட்டில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். பிளாஸ்டிக் கழுத்தில் மாட்டிய கிளிப்பை முறுக்கித் தள்ளாதீர்கள், கழுத்து உடையும்.

கடைசியாக, வெள்ளை பெயின்ட் பேனாவால் ரேடியேட்டர் மேல்பட்டியில் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய கூலன்ட்டின் பெயர் மூன்றையும் எழுதிவிடுங்கள். அடுத்தமுறை வழியில் டாப்-அப் செய்கிறவர் எதை ஊற்றுவது என்று உங்களை போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்காது.